வீட்டிலேயே இரும்பு முன் பம்பர்: சேசிஸிலிருந்து தொடங்கி முகத்துக்கு வாருங்கள்

காடு, மலை, சேறு என்று ஓடுகிற வண்டிக்குச் சொந்தமாக ஒரு முன் பம்பர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். படத்தில் தெரிவது முன்னால் இருக்கும் முகத்தகடு மட்டும். அதனால் கனமான இரும்பெல்லாம் முகத்துக்குப் போய்விடும். சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேரும் இடத்துக்கு மிச்சம் மீதி கிடைத்த துண்டுகள் போகும். இது தலைகீழான கணக்கு. முகத்தகடு 4 மி.மீ. இருந்து ஒரு பாறையில் மோதினால் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சேறில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது, பம்பரைச் சேசிஸில் மாட்டும் மாட்டுத்தகடு பிய்ந்தால், அந்த இரும்புத் துண்டு கயிற்றோடு சேர்ந்து பறந்து வரும். அது ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே இந்தக் கட்டுரை சேசிஸில் தொடங்குகிறது. உங்கள் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஓரளவு வெல்டிங் தெரிந்த, கிரைண்டரைக் கையாளப் பழகிய ஒருவர் முதல் பம்பர் செய்வதற்காக இதை எழுதுகிறேன். வெல்டிங்கே இதுவரை தொட்டதில்லை என்றால், வெட்டுவது, பொருத்துவது, டாக் அடிப்பது (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைப்பது) வரை நீங்கள் செய்துவிட்டு முழு வெல்டிங்கை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

செய்யலாமா என்று முதலில் பாருங்கள்

வண்டி ஏணி போன்ற தனிச் சேசிஸ் கொண்டதாக இருக்க வேண்டும். பாடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் வண்டிகளில் முன்பக்கம் மெல்லிய தகடுகளால் ஆனது. மோதலில் தானே மடங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருப்பார்கள். அதில் இரும்புப் பம்பரைக் கொண்டுபோய் மாட்டுவது தவறான இடத்தில் தவறான பொருள்.

ஏர்பேக் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முன்பக்கம் எவ்வளவு சீக்கிரம் நசுங்குகிறது, வண்டியின் வேகம் எப்படிக் குறைகிறது என்பதை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரியவேண்டும் என்று முடிவாகிறது. விறைப்பான பம்பர் அந்தக் கணக்கை மாற்றிவிடும். சேசிஸின் முனையில் மடிந்து கொடுக்கும் பெட்டிகள் இருந்தால் அவற்றை வெட்டி எறியவே கூடாது. ஏர்பேக் உள்ள வண்டிக்கு என் யோசனை இதுதான்: கம்பெனி பம்பரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மறைவாக இழுவைக் கொக்கிக்கு மட்டும் ஒரு மவுண்ட் செய்யுங்கள். முழு பம்பரை ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் நடந்து செல்வோரின் பாதுகாப்பைக் கருதி முன்பக்கக் காப்புக் கம்பிகளுக்கு 2005இலேயே தனி நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் என்கிற கூடுதல் முன்காப்புக் கம்பிகளை மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதியது. நீங்கள் ஓட்டுகிற ஊரில் பொதுச் சாலைக்கு என்ன விதி என்பதை இரும்பு வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தனியார் நிலத்திலும் போட்டிப் பாதைகளிலும் மட்டும் ஓடும் வண்டி என்றால் அது வேறு கதை.

எடைக் கணக்கு

இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 7,850 கிலோ. அதாவது 1 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், எந்தத் தகட்டின் எடையையும் போட்டுப் பார்த்துவிடலாம். விரித்து வைத்தால் 1.6 மீட்டர் நீளமும் 45 செ.மீ. அகலமும் வரும் முகத்தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. தகட்டில் அது ஏறக்குறைய 23 கிலோ, 5 மி.மீ.யில் 28 கிலோ, 8 மி.மீ.யில் 45 கிலோ.

இந்த எடை முன் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) முன்னால் தொங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வின்ச்சோடு (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்) சேர்த்து 90 கிலோ பம்பர், ஆக்சிலுக்கு 80 செ.மீ. முன்னால் இருக்கிறது, வண்டியின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 2.4 மீட்டர் என்று வையுங்கள். முன் ஆக்சிலில் 90 அல்ல, 120 கிலோ ஏறும். பின் ஆக்சிலில் 30 கிலோ குறையும். முன் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும், பின் சக்கரத்தின் பிடிப்பு குறையும். அதனால் முகத்துக்கு 4 மி.மீ. போதும், அதிகபட்சம் 5. மிச்சப்படுத்திய கிலோவை மாட்டுத்தகட்டில் செலவழியுங்கள்.

இரும்பு சாதாரண மைல்டு ஸ்டீல்தான். சுமார் 250 மெகாபாஸ்கல் இழுவிசை வரை வளையாமல் தாங்கும் கட்டுமான ரகம் எங்கும் கிடைக்கிறது. அது சுலபமாக வெல்டிங் ஆகும், உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். முகத்துக்கு 4 அல்லது 5 மி.மீ., வின்ச் தட்டுக்கு 6, சேசிஸில் மாட்டும் தகட்டுக்கு 10 என்று வாங்குங்கள். கால்வனைஸ் செய்த தகடு வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாக எழும். அதை சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வந்து படுக்கவைக்கும்.

பழையதைக் கழற்றி அளவெடுப்பது

சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பழைய பம்பரை எடுங்கள். சேசிஸின் முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளும் முழுதாகத் தெரியும்வரை சேறு, பழைய பெயின்ட், துரு எல்லாவற்றையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். இங்கே நின்று நன்றாகப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தாலோ, உளியின் முனை துருவுக்குள் இறங்கினாலோ, முதலில் சேசிஸைச் சரிசெய்ய வேண்டும். பம்பர் அப்புறம்தான்.

நடுக்கோட்டைச் சேசிஸிலிருந்து எடுங்கள், கிரில்லிலிருந்தோ பானெட்டிலிருந்தோ எடுக்காதீர்கள். பாடி ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் வருடங்கள் போகப் போக ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டு கொம்புகளிலும் ஒரே மாதிரி ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, தூக்குக்குண்டு கட்டித் தரையில் புள்ளி வைத்து, குறுக்கு அளவுகள் இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதோ இடிவாங்கியிருக்கிறது. அப்படியானால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்தே தகடு வெட்ட வேண்டும்.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கே வருகிறது என்று குறியுங்கள். முடிந்தால் ஒரு பக்க சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். எந்த நிலையிலும் டயருக்கும் பம்பருக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. இருக்கட்டும். பாடிக்கும் பம்பருக்கும் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது பாடியை இடித்து ஃபெண்டரை நசுக்கும்.

மாட்டுத்தகடு: இங்கே அவசரமே கூடாது

ஒவ்வொரு பக்கமும் சேசிஸ் கொம்பின் பக்கச்சுவரோடு ஒட்டி, நீளவாக்கில் ஒரு 10 மி.மீ. தகடு வர வேண்டும். அது குறைந்தது 25 செ.மீ. சேசிஸின் மேல் படிந்து உட்காரட்டும். முன்பக்கம் அதே தகடு முகத்தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, இழுவைக் கொக்கியாக முடியட்டும். இதுதான் இந்த வடிவமைப்பின் உயிர். இழுக்கும் விசை ஷேக்கிளில் (கொக்கியின் ஓட்டையில் மாட்டும் U வடிவ இரும்பு வளையத்தில்) தொடங்கி, ஒரே தகட்டின் வழியாக போல்டுக்குப் போய், சேசிஸில் சேர்ந்துவிடுகிறது. நடுவே எந்த வெல்டிங்கையும் நம்பி அது நிற்கவில்லை. முகத்தகட்டின் மேல் வெறுமனே ஒட்டவைத்த கொக்கியைப் பல வண்டிகளில் பார்க்கலாம். அப்படிச் செய்யாதீர்கள். தகட்டை உரித்தெடுக்கிற மாதிரி இழுவை வரும்போது ஒரு ஓரத்தில் ஆரம்பித்த விரிசல் முழுதாக ஓடிவிடும்.

ஓட்டை அளவுகள் இப்படி. 4.75 டன் வேலைச்சுமைக்கான வில் ஷேக்கிளின் பின் 22 மி.மீ. தடிமன், உள்ளகலம் ஏறக்குறைய 32 மி.மீ. அதற்கு 24 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் குறைந்தது ஓட்டை விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 36 மி.மீ. இருக்க வேண்டும், நான் 40 வைப்பேன். 10 மி.மீ. தகடு மட்டும் ஷேக்கிளுக்குள் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பக்கமும் 8 மி.மீ. வட்டத்தகடு வைத்துச் சுற்றி வெல்டிங் செய்து, மொத்தம் 26 மி.மீ. ஆக்குங்கள். மூன்றையும் சேர்த்து வெல்டிங் செய்தபிறகு ஓட்டை போட்டால் நேராக வரும். சென்டர் பஞ்ச் வைத்து, 6 மி.மீ.யில் தொடங்கி, எண்ணெய் விட்டு, மெதுவான சுற்றில் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஓட்டையின் விளிம்பை லேசாக உருட்டிவிடுங்கள். வெட்டுத் தீயால் ஊதிய கரடுமுரடான ஓட்டையில் விரிசல் அங்கேயே பிறக்கும்.

போல்டு விஷயத்துக்கு வருவோம். சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளை முடிந்தவரை பயன்படுத்துங்கள். புதிதாகப் போட்டே ஆகவேண்டும் என்றால் பக்கச்சுவரில் மட்டும். மேல் தகட்டிலும் கீழ்த் தகட்டிலும் ஓட்டை போடக்கூடாது, ஏனென்றால் சேசிஸ் வளையும்போது அதிக விசை அங்கேதான் வருகிறது. சேசிஸில் நேராக வெல்டிங்கும் வேண்டாம். பக்கத்துக்கு நான்கு எம்12 (12 மி.மீ.) போல்டுகள், தலையில் 8.8 என்ற வலிமை எண் அடித்திருக்க வேண்டும். எண் எதுவும் இல்லாத போல்டை இந்த வேலையில் சேர்க்கவே வேண்டாம். சேசிஸ் பெட்டி வடிவமாக இருந்தால் போல்டு போகிற வழியில் உள்ளே ஒரு தடித்த குழாயை இடைநிறுத்தியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், இறுக்கம் ஏறவே ஏறாது. தடித்த வாஷர், நைலான் பூட்டுள்ள நட்டு, சுமார் 80 நியூட்டன் மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை). நான்கு போல்டும் ஒரே நேர்கோட்டில் வராமல் இரண்டு வரிசையாக, முடிந்த அளவு தள்ளித் தள்ளி இருக்கட்டும். ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்துகொள்ள நீள ஓட்டை வேண்டும் என்றால் மேல் கீழ் திசையில் மட்டும் வையுங்கள். இழுக்கும் திசையில் நீள ஓட்டை வைத்தால் முதல் இழுப்பிலேயே பம்பர் நகர்ந்துவிடும்.

இரண்டு மாட்டுத்தகடுகளையும் போல்டு போட்டு இறுக்கிவிட்டு, நடுவே ஒரு ஆங்கிள் துண்டைக் குறுக்காக வைத்து டாக் அடித்துவிடுங்கள். இந்தக் குறுக்குச் சட்டம் முழு வேலையும் முடியும்வரை அங்கேயே இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அட்டையில் ஒரு பம்பர்

இரும்பைத் தொடும் முன் தடித்த அட்டையில் பம்பரை முழுதாகச் செய்து வண்டியில் ஒட்டிப் பாருங்கள். கத்தியும் டேப்பும் போதும். நடுப்பகுதி நேராகவும், இரண்டு இறக்கைகளும் பின்னோக்கி 30 முதல் 40 டிகிரி சாய்ந்தும் இருக்கட்டும். இறக்கையின் கீழ் ஓரத்தைச் சக்கரத்தை நோக்கி மேலே ஏறுமாறு வெட்டுங்கள். செங்குத்தான மேட்டில் ஏறும்போது பம்பர் மண்ணில் குத்தாமல் டயர் முதலில் தொடுவது இந்த வெட்டால்தான்.

அட்டை மாதிரியை மாட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகிறதா? முகத்தகடு கிரில்லின் பாதியை மறைத்தால் மேட்டில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடும். இண்டிகேட்டரும் ஹெட்லைட்டும் தெரிகின்றனவா? நம்பர் பிளேட் எங்கே? பானெட் திறக்கிறதா? ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஸ்பேனர் போகுமா? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாதையைப் பாருங்கள். மேலே வளையம் வைத்தால் எவ்வளவு மறைக்கும் என்று அங்கிருந்துதான் தெரியும். எனக்கு மேல் வளையமே தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது: எடையும் கூடும், முன்னால் வருகிற ஆளுக்கும் ஆபத்து.

வின்ச் வைப்பதாக இருந்தால் அதையும் இப்போதே அளந்துவிடுங்கள். வண்டிகளுக்கான பெரும்பாலான வின்ச்சுகளின் போல்டு ஓட்டைகள் 254 க்கு 114.3 மி.மீ. இடைவெளியில் இருக்கும், கயிற்று வழிகாட்டியின் ஓட்டைகளும் 254 மி.மீ.தான். வின்ச்சின் கிளட்ச் கைப்பிடிக்குக் கை போகிறதா என்று அட்டையிலேயே சோதியுங்கள். எல்லாம் முடிந்து பெயின்ட் அடித்தபிறகு கைப்பிடி முகத்தகட்டுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது மிகவும் நொந்துபோகிற விஷயம்.

வெட்டுவதும் மடிப்பதும்

அட்டையைத் தகட்டில் வைத்து மாக்கல் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். நேர்கோட்டுக்கு ஒரு ஆங்கிளை கிளாம்ப் போட்டு அதை ஒட்டி 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கை ஓட்டினால் வெட்டு நேராக வரும். ஒரே மூச்சில் அழுத்தாமல் முதலில் ஆழமில்லாமல் ஒரு கோடு, பிறகு அதிலேயே இரண்டு மூன்று முறை. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது, வெடித்துவிடும். கிரைண்டரின் டிஸ்க்கை மூடும் கார்டைக் கழற்றாதீர்கள். முகத்தை முழுதாக மறைக்கும் ஷீல்டு, அதற்குள் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், பருத்தி அல்லது தோல் உடை வேண்டும். நைலான் சட்டை தீப்பொறியில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வண்டிக்குப் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டினால் முன் கண்ணாடியை ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள். பறந்து வரும் பொறிகள் உருகிய இரும்புத் துளிகள். கண்ணாடியில் பட்டால் மேற்பரப்பிலேயே பதிந்துவிடும். முதலில் தூசி மாதிரிதான் தெரியும். துடைத்தால் போகாது. விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடும், மழையில் நனைந்தபிறகு ஒவ்வொரு புள்ளியும் பழுப்பாகத் துருப்பிடிக்கும்.

மடிப்பு இயந்திரம் இல்லாமலே தகட்டை மடிக்கலாம். மடிப்புக் கோட்டின் வெளிப்பக்கத்தில், 5 மி.மீ. தகட்டில் சுமார் 3 மி.மீ. ஆழத்துக்குக் கிரைண்டரால் ஒரு பள்ளம் வெட்டுங்கள். தகட்டைக் கனமான ஆங்கிளோடு கிளாம்ப் செய்து மெதுவாக மடித்தால் பள்ளம் விரிந்து ஒரு V வடிவமாகத் திறக்கும். அதை வெல்டிங்கால் நிரப்பி, உள்பக்கமும் இடைவெளி விட்டு விட்டு வெல்டிங் செய்தால் மடிப்பு உறுதியாகிவிடும். கோணத்தை வண்டியில் வைத்துப் பார்த்தபிறகே நிரப்புங்கள்.

டாக் அடிப்பது, முழு வெல்டிங் செய்வது

முகத்தகட்டை ஜாக்கியும் மரக்கட்டைகளும் வைத்து முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, இரண்டடி தள்ளி நின்று கண்ணாலும் பாருங்கள். வண்டியே சற்றுச் சாய்ந்திருந்தால் ரசமட்டத்தைவிடக் கண்ணுக்கு நேராகத் தெரிவதுதான் முக்கியம். மாட்டுத்தகட்டோடு நாலைந்து இடத்தில் டாக் அடியுங்கள். பேட்டரி கழற்றியே இருக்கட்டும். எர்த் கிளாம்பை டாக் அடிக்கும் துண்டிலேயே மாட்டுங்கள். வேறெங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவும் ஒயர் வழியாகவும் வழி தேடிக்கொள்ளும். பிரேக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்த இரும்பில் வெல்டிங் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் ஆர்க்கில் பட்டு ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

முழு வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்யாதீர்கள். போல்டைக் கழற்றி, மொத்த பம்பரையும் தரைக்கு இறக்குங்கள். இங்கேதான் அந்தக் குறுக்குச் சட்டம் உதவும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். அது இரண்டு மாட்டுத்தகடுகளையும் உள்பக்கமாக இழுக்கும். சட்டம் இல்லாமல் முழுதாக வெல்டிங் செய்துவிட்டுத் திரும்ப மாட்டப் போனால் ஓட்டைகள் சில மி.மீ. தள்ளி நிற்கும், எந்தச் சுத்தியலும் அதைக் கொண்டுவராது. சட்டத்தோடு சேர்த்து, ஒரே இடத்தில் தொடர்ந்து ஓட்டாமல் இந்தப் பக்கம் 5 செ.மீ., அந்தப் பக்கம் 5 செ.மீ. என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

6 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள தகடுகளை முட்டவைத்துச் சேர்க்கும் இடத்தில் ஓரத்தை 30 டிகிரி சாய்த்து கிரைண்ட் செய்து, இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். தகட்டின் மேலுள்ள கறுப்புப் படலத்தையும் வெள்ளையாகும்வரை எடுத்துவிடுங்கள். 3.15 மி.மீ. 6013 ரக வெல்டிங் ராடுக்கு சுமார் 90 முதல் 130 ஆம்பியர் வைக்கலாம். மாட்டுத்தகட்டு வேலைக்கு 7018 ரக ராடு நல்லது, ஆனால் ஈரம் ஏறாமல் காய்ந்த ராடாக இருக்க வேண்டும். வீட்டு உபயோகச் சிறிய மிக் (கம்பியைத் தானே ஊட்டும்) வெல்டிங் மெஷின் முகத்தகட்டுக்குச் சரி. 10 மி.மீ. தகட்டில் அது மேலே அழகாக ஓடும், உள்ளே பிடித்திருக்காது.

பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பம்பரில் கைவைக்கும் முன் அதே தடிமனில் இரண்டு துண்டுகளை T வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்யுங்கள். ஆறியபிறகு வைஸில் பிடித்து, நிற்கும் துண்டை வெல்டிங் இருக்கும் பக்கமாகவே சுத்தியலால் அடித்துச் சாயுங்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மூலைவரை உருகியிருந்தால் அடியில் மணிமணியான சாம்பல் நிறம் தெரியும். கிரைண்டர் போட்ட கோடு அழியாமல் அப்படியே தெரிந்தால், வெல்டிங் அந்த இடத்தில் சும்மா மேலே படுத்திருந்தது என்று அர்த்தம். ஆம்பியரைக் கூட்டி, ராடை மூலைக்குள் நெருக்கிப் பிடித்து மறுபடி செய்யுங்கள். இந்தத் துண்டு உடையாமல் மடிகிறவரை பம்பரைத் தொடாதீர்கள்.

மாட்டுத்தகடு முகத்தகட்டைக் கடக்கும் இடத்தில் முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றி வெல்டிங் வரட்டும். பின்னால் மேலும் கீழும் முக்கோண முட்டுத்தகடு ஒவ்வொன்று சேருங்கள். ஷேக்கிளை மாட்டி முழுவட்டமாகச் சுழற்றிப் பாருங்கள், முகத்தகட்டில் எங்கும் இடிக்கக்கூடாது.

வின்ச் தட்டின் இரண்டு முனைகளும் மாட்டுத்தகடுகளோடு நேராகச் சேர வேண்டும், முகத்தகட்டில் தொங்கக்கூடாது. கப்பி வைத்துக் கயிற்றை இரட்டிப்பாக்கி, மறுமுனையைப் பம்பரின் கொக்கியிலேயே மாட்டும்போது பம்பர் மொத்தமாகத் தாங்கும் விசை வின்ச்சின் இழுவையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 4,300 கிலோ வின்ச் என்றால் எட்டரை டன். மாட்டுத்தகட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று இந்த எண்ணைப் பார்த்தால் புரியும். வின்ச் எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்கு, சாமான் ஏற்றிய வண்டியின் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு என்ற கணக்கு போதுமானது.

துருவுக்கு வழி விடாமல்

தண்ணீர் தேங்கக்கூடிய ஒவ்வொரு மூலையிலும் 10 மி.மீ. வடிகால் ஓட்டை போடுங்கள். நான்கு பக்கமும் மூடிய குழாய் எதுவும் பம்பரில் இருந்தால் அதற்கும் ஓட்டை அவசியம், குறிப்பாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுப்பதாக இருந்தால். 450 டிகிரி சூட்டில் உள்ளே அடைபட்ட ஈரம் வெடிக்கும். பெயின்ட்தான் என்றால் கசடையும் சிதறல்களையும் எடுத்து, கூர்மையான விளிம்புகளையெல்லாம் உருட்டிவிட்டு, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே பெயின்ட். கூரிய விளிம்பில் பெயின்ட் மெல்லியதாகத்தான் நிற்கும், துரு அங்கிருந்துதான் புறப்படும். மாட்டுத்தகடு சேசிஸில் படியும் முகத்தில் பிரைமர் மட்டும் மெல்லியதாகப் போதும். தடித்த பெயின்ட் நாளாக நாளாக அமுங்கி, போல்டின் இறுக்கம் தளர்ந்துவிடும்.

மாட்டியபிறகு

டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடுவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். 100 கிலோமீட்டர் ஓட்டியபிறகு மறுபடி டார்க் பாருங்கள், 500இல் இன்னொரு முறை. வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும்; ஹெட்லைட் உயரத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் தரையிலேயே விழும்.

முதல் இழுவைச் சோதனையை சேறில் சிக்கியபிறகு வைத்துக்கொள்ள வேண்டாம். சமதளத்தில் இன்னொரு வண்டியின் கை பிரேக்கைப் போட்டு நிறுத்தி, கயிறு கட்டி, உங்கள் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்துக் கயிற்றை இறுக்குங்கள். உதறி இழுக்காதீர்கள். இரண்டு கொக்கிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் யாரும் நிற்கக்கூடாது, கயிற்றின் நடுவே கனமான போர்வை ஒன்று தொங்கட்டும். சோதனைக்குப்பின் வெள்ளைக் கோடுகளையும் வெல்டிங் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கடுமையான பயணத்துக்குப் பிறகும் பம்பரைக் கழுவிவிட்டு இதையே செய்யுங்கள். முட்டுத்தகடு முடிகிற நுனியிலும் ஷேக்கிள் ஓட்டையைச் சுற்றியும் பெயின்ட்டில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் அது பெயின்ட் வெடிப்பு மட்டுமல்ல, இரும்பே விட்டிருக்கிறது. அதன் மேலேயே இன்னொரு வெல்டிங் ஓட்டி மூடிவிடாதீர்கள். விரிசலின் இரண்டு நுனியிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு அது ஓடாமல் நிறுத்துங்கள். விரிசல் முழுதும் போகும்வரை கிரைண்ட் செய்து V பள்ளமாக்கி, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். அந்த இடத்தில் தகடு ஏன் வளைந்தது என்று பார்த்து, முட்டுத்தகட்டை நீளமாக்குங்கள் அல்லது இன்னொன்று சேருங்கள். விரிசல் ஷேக்கிள் ஓட்டையின் விளிம்பில் இருந்தால் மட்டும் சரிசெய்து பார்க்க வேண்டாம். அந்தப் பக்க மாட்டுத்தகட்டையே முழுதாக மாற்றிவிடுங்கள்.